ஏற்றத்தில் வண்டி உதறுகிறதா? மேனுவல் கியர் காரில் அதிர்வின் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

ஏற்காடு அடிவாரம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் என் காரின் முன்பக்கம் உதற ஆரம்பிக்கும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடமும் வலமுமாக ஓர் ஆட்டம். காலை எடுத்தால் சட்டென்று அடங்கிவிடும். இறங்கும்போது ஒன்றுமே இருக்காது. ஒரு கடையில் காட்டினேன். வீல் பேலன்ஸ் செய்தார்கள், அலைன்மென்ட் பார்த்தார்கள், முன் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். அடுத்த வாரம் அடிவாரத்தில் அதே ஆட்டம். கடைசியில் பார்த்தால் கோளாறு டிரைவ் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து முன் வீலைச் சுற்றவைக்கும் தண்டு) உள்பக்க ஜாயின்ட்டில், அதாவது கியர்பாக்ஸை ஒட்டிய இணைப்பில்.

'மிதித்தால் மட்டும் வருகிறது' என்ற ஒரு வரியிலேயே விடை இருந்தது. அதனால் பார்ட்ஸ் வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: அதிர்வு எதோடு சேர்ந்து கூடுகிறது? இன்ஜின் சுற்றோடா, வண்டி வேகத்தோடா, இழுக்கும் பாரத்தோடா? கீழே உள்ள எல்லாச் சோதனைகளும் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பதற்குத்தான்.

படி 1: ஓட்டுவதற்கு முன்

நான்கு வீலின் நட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பஞ்சர் ஒட்டிய மறுநாள் உதறல் வந்தால் இதுதான் முதல் சந்தேகம். நட்டு லூசாக இருந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. டயரில் எங்காவது புடைப்பு இருக்கிறதா, காற்று சரியா என்றும் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் எஸ்டேட் மண் பாதையில் போய் வந்திருந்தால் ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்து ஒட்டிய ஒரு பிடி மண் போதும், 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்க. சுரண்டி எடுத்துக் கழுவினாலே சரியாகிவிடும்.

படி 2: நின்ற இடத்தில்

ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை நிமிடத்துக்கு 1,500, 2,000, 2,500 சுற்று என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்துங்கள். வண்டி நிற்கும்போதே அதிர்வு வந்தால் வீல், ஷாஃப்ட் எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடலாம். மிச்சம் இருப்பது இன்ஜின் மிஸ்ஃபயர் (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாதது), மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்), கிளட்ச் பக்கம்.

அதிர்வு இருக்கும்போதே கிளட்ச் பெடலை முழுக்க மிதியுங்கள். மிதித்தால் கிளட்ச் பிளேட்டும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் (இன்ஜின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) சுற்றுவதை நிறுத்திவிடும். அப்போது அதிர்வு போனால் கோளாறு அந்தப் பக்கம். போகாமல் அப்படியே இருந்தால் இன்ஜின் பக்கம். மூன்று சிலிண்டர் வண்டிகள் ஐட்லிங்கில் இயல்பாகவே கொஞ்சம் ஆடும். புதிதாக வந்த ஆட்டத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

படி 3: சமதளச் சாலையில்

இதுதான் முக்கியமான படி. நேரம் எடுத்துச் செய்யுங்கள். ஞாயிறு விடியற்காலையில் சேலத்தை அடுத்த ஓமலூர் பக்கம் நேராக, காலியாக இருக்கும் நீளம் கிடைக்கும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அதிர்வு எந்த வேகத்தில் வருகிறதோ அதே வேகத்தில் நிலையாக ஓட்டுங்கள். 80 என்று வைத்துக்கொள்வோம். நான்காவது கியரில் 80, அப்புறம் ஐந்தாவது கியரில் அதே 80. கியர் மாறும்போது இன்ஜின் சுற்று பல நூறு குறையும். வீல் சுற்றுவது மாறாது. கியர் மாற்றியதும் அதிர்வு மாறினால் அது இன்ஜினோடு போகிறது. அப்படியே இருந்தால் வேகத்தோடு போகிறது.

அடுத்து, முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது, அதே வேகத்தில் கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சில விநாடி உருளவிடுங்கள். சாவியைத் திருப்பவே கூடாது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் போகும், பிரேக் கல்லாகிவிடும், சாவி முழுக்கத் திரும்பினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். நியூட்ரலிலும் அதிர்வு தொடர்ந்தால் டயர், ரிம், வீல் பேரிங் பக்கம் போங்கள். நியூட்ரல் போட்ட உடனே நின்றுவிட்டால் இன்ஜின், மவுண்டிங், அல்லது பாரம் விழும்போது மட்டும் தப்பு செய்யும் ஜாயின்ட்.

பொலேரோ, ஈக்கோ, பழைய இன்னோவா மாதிரி பின் வீல் இழுக்கும் வண்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூட்ரலிலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) வீலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போது வீலா, ஷாஃப்ட்டா என்று எப்படிப் பிரிப்பது? டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 80 வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. ஆக வீல் விநாடிக்கு 11 சுற்று. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைப் போல நாலு மடங்கு, 40-க்கு மேல். வீல் கோளாறு சீட்டிலும் ஸ்டியரிங்கிலும் தடதடவென்று தெரியும். ஷாஃப்ட் கோளாறு கால் வைத்திருக்கும் தரையில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரமாக, பாதம் மரத்துப்போகிற மாதிரி வரும்.

படி 4: கிளம்பும்போது

நின்ற இடத்திலிருந்து கிளட்சை விடும்போது மட்டும் குலுங்கி, முழுக்க விட்டதும் சரியானால் கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், ஃபிளைவீல் (கிளட்ச் பிளேட் அழுந்தும் இரும்புச் சக்கரம்) சூடேறித் தழும்பு விழுந்திருக்கலாம். ஆனால் மவுண்டிங் ரப்பர் கிழிந்தாலும் இதே குலுக்கல்தான் வரும். கிளட்ச் பார்க்க கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். மவுண்டிங் பார்க்க பானட்டைத் திறந்தால் போதும். அதனால் மவுண்டிங்கை முதலில் பாருங்கள். ஒருவர் உள்ளே பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்சை லேசாகக் கடிக்கவிடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. இன்ஜின் எழும்பித் தாவினால் மவுண்டிங் போய்விட்டது. ரிவர்ஸிலும் ஒரு முறை செய்து பாருங்கள்.

படி 5: மலையில்

சேலத்துக்காரர்களுக்கு இந்தச் சோதனைக்கு ஏற்காடு சாலையை விட நல்ல இடம் கிடையாது. 20 கொண்டை ஊசி வளைவு, இடையிலெல்லாம் ஏற்றம். ஏற்றத்தில் மிதித்தால் ஆட்டம், விட்டால் அமைதி என்றால் முன் வீல் இழுக்கும் வண்டிகளில் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட் (சி.வி. ஜாயின்ட் என்பார்கள்). வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஏறும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் வந்தால் வீலை ஒட்டிய வெளிப்பக்க ஜாயின்ட்.

இறங்கும்போது நியூட்ரல் சோதனை வேண்டவே வேண்டாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் பெடல் துடித்தால் அது பிரேக் டிஸ்க்கின் கோளாறு, இந்தக் கணக்கில் சேராது.

படி 6: அடியில்

சமதளத்தில் நிறுத்தி, பின் வீலுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்த பிறகே கீழே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்கக்கூடாது. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, ரிம்மின் உள்பக்கம் கருப்பாக கிரீஸ் தெளித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள்பக்க ஜாயின்ட்டை ஒட்டி ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். என் வண்டியில் பூட் கிழியவே இல்லை, வெளியே சுத்தமாக இருந்தது. அசைத்தபோதுதான் 'கடக்' என்றது. உள்ளுக்கும் வெளிக்கும் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

பின் வீல் இழுக்கும் வண்டியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள கிராஸ் ஜாயின்ட்டைச் சுற்றிச் செந்தூள் மாதிரி துரு இருந்தால் அது கிரீஸ் வற்றித் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றுவதானால் இரண்டு ஃபிளேஞ்சிலும் (ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணையும் தட்டுகள்) சுண்ணாம்பால் ஒரே கோடு போட்டுவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். மாற்றி மாட்டினால் இல்லாத அதிர்வும் புதிதாக வரும்.

பட்டறைக்குப் போகும்போது 'வண்டி வைப்ரேட் ஆகுது' என்று சொல்லாமல், நோட்டைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்: 'அண்ணா, இரண்டாவது கியர், ஏற்றம், மிதித்தால் மட்டும். நியூட்ரலில் இல்லை, நின்றால் இல்லை.' அப்புறம் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே இடத்துக்கு ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள்.