பெங்களூரில் இருந்தபடியே கிண்டி பொறியியல் கல்லூரிக்கு நிதி திரட்ட

முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் "கல்லூரிக்கு உதவுங்க" என்று பொதுவாகப் போடாதீர்கள், எல்லோரும் கும்பிடு போடுவார்கள், பணம் வராது. நீங்கள் படித்த துறையில் பேசி, ஒரே ஒரு தேவைக்கு மட்டும் கேளுங்கள்: மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியோ, ஒரு மாணவரின் விடுதிக் கட்டணமோ, எதுவானாலும் விலையோடு. அப்புறம் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூரின் ஐ.டி. பகுதிகளில் இருக்கும் பழைய மாணவர்களை ஆள் ஆளாகப் போனில் பிடியுங்கள்; சொந்த பேட்ச்காரர் கேட்டால் மறுக்கக் கூச்சமாக இருக்கும்.

பணம் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது. வரிச்சலுகைப் பதிவுள்ள அறக்கட்டளைக்கு நேராகப் போகட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரி விலக்கு கிடையாது, புதிய வரிமுறையில் இருப்பவருக்கோ எப்படிக் கொடுத்தாலும் கிடையாது, இதை முன்பே சொல்லிவிடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் அனுப்புவதென்றால் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவும் வேண்டும்.

ஊழியர் கொடுப்பதற்குச் சமமாகத் தானும் கொடுக்கிற கம்பெனிகள் இங்கே உண்டு, எச்ஆரிடம் கேட்க என்ன வெட்கம்?