சாட்டினிலும் ஆர்கன்சாவிலும் மெஷின் எம்பிராய்டரி: முதன்முறை போடுவோருக்கு

தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியைத் தாண்டித்தான் நாள்தோறும் தையற்கடைக்குச் செல்கிறேன். ஆயினும் கல்யாண வரவேற்புக்கென்று என்னிடம் வரும் துணிகளில் பாதி சாட்டினும், மெல்லிசாக ஊடுருவித் தெரியும் ஆர்கன்சாவும்தான். சாட்டினில் இழைகள் மேலே நெடுக மிதக்கும்படி நெய்யப்படுவதால் அது வழுக்குகிறது. ஊசி குத்திய துளையும் எளிதில் மறையாது என்பதால், தவறினால் பிரித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும்.

அடர்ந்த நிரப்புத் தையல் உள்ள டிசைனைத் தவிர்த்து, கொடியும் கோடுமாகத் திறந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 75/11 அளவில் கூர்முனை ஊசியைப் புதிதாக மாட்டுங்கள். உருண்டை முனை ஊசி பின்னலாடைக்கு உரியது. மேலே 40-ஆம் எண் நூலும், அடிநூல் சுற்றும் பாபினில் 60-ஆம் எண் நூலும் போதும்.

அடுத்து வருவது ஃபிரேம் போடுவது, அதாவது துணியை இரு வளையங்களுக்கு இடையில் பிடிக்க வைப்பது. பெரும்பாலான துணிகள் கெடுவது இங்கேதான். தொடக்கத்தில் நான் ஒரு வாடிக்கையாளரின் ரவிக்கைக் கைக்கான சந்தன நிறச் சாட்டினை வளையங்களுக்கு இடையிலேயே இறுக்கினேன். "அக்கா, வட்டமா ஒரு தடம் தெரியுதே" என்று அந்தப் பெண் காட்டியபோது, ஆவி காட்டியும் அது போகவில்லை. புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன். எனவே, துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் ஸ்டெபிலைசரில், வலைபோன்ற மெல்லிய மெஷ் வகையை மட்டும் ஃபிரேமில் தட்டினால் ஒலிக்குமளவு இறுக்கி, அதன்மேல் ஒட்டும் ஸ்பிரேயை மெஷினுக்கு அப்பால் வைத்து லேசாகத் தூவி, துணியை நடுவிலிருந்து ஓரம்நோக்கி உள்ளங்கையால் நீவிப் படிய வையுங்கள். இழுத்து ஒட்டினால், ஃபிரேமிலிருந்து எடுத்ததும் துணி பழைய நிலைக்குத் திரும்பிப் பூவைச் சுற்றிச் சுருங்கும். பிறகு வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளத் தையலாக ஒரு சுற்று ஓட்டுங்கள். அங்கே துளை விழுந்தாலும் கவலையில்லை. மெஷ்ஷுக்குப் பதில் அடியில் வைத்துப் பிறகு கிழித்தெடுக்கும் பேப்பர் கேன்வாஸ் மலிவுதான், ஆனால் கிழிக்கும்போது தையலையும் சேர்த்து இழுக்கும்.

ஆர்கன்சாவில் பின்புறமும் தெரியும் என்பதால் நீரில் கரையும் ஸ்டெபிலைசரே பொருந்தும். பட்டில் தண்ணீர்க்கறை படியக்கூடும் என்பதால் அங்கே மெஷ்தான்.

வேகத்தை நிமிடத்துக்கு 500 தையலுக்குக் குறைத்து, முதலில் அதே துணியின் வெட்டுத்துண்டில் ஓட்டிப் பாருங்கள். பட்டைபோல் அகலமாக விழும் தையலின் பின்புறம் பாபின் நூல் நடுவில் மூன்றில் ஒரு பங்கு தெரிந்தால் இழுவிசை சரி. தெரியாவிட்டால் மேல்நூலைச் சற்று இறுக்க வேண்டும்.

முடிந்ததும் மெஷ்ஷை டிசைனைச் சுற்றி 5 மி.மீ. விட்டு வெட்டுங்கள், துருக்கித் துண்டின்மேல் பூ கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, மிதமான சூட்டில் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள்.