முதல் வெப்சைட்டுக்கு டூல் தேடும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் படிக்கும் ஒரு மாணவி முதல் வெப்சைட் செய்யப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொருள் வேலூர்க் கோட்டை. ஐந்து பக்கங்கள் போதும்: முகப்பு, கோட்டையின் வரலாறு, 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, ஜலகண்டேஸ்வரர் கோயில், எப்படி வருவது. லேப்டாப்பில் விக்ஸ், வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ், பிளாகர், கிட்ஹப் பேஜஸ் என்று வெப்சைட் செய்யும் டூல்கள் ஐந்து டேப்பில் திறந்திருக்கும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் அதே ஐந்து டேப்தான். எழுதிய பக்கம் ஒன்றுகூட இருக்காது.

ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் டெம்ப்ளேட்டின் அழகையும் "இலவசம்" என்ற சொல்லையும் யூடியூபில் யாரோ புகழ்ந்ததையும் வைத்து ஒப்பிட்டால், அது சேருகிற நாளுக்கு மட்டுமான கணக்கு. சைட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நாள் வரும். இரண்டாம் வருடப் பில் வரும். தமிழில் அடித்த தலைப்பு நாலாயிரம் ரூபாய் போனில் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டி வரும். அந்த நாட்களை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் முடிவு பெரும்பாலும் மாறிவிடும்.

இரண்டு வேர்ட்பிரஸ்களை ஒன்றென்று நினைப்பது

2003-ல் வந்த வேர்ட்பிரஸ் ஒரு மென்பொருள். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளத்தில் இலவசமாக இறக்கலாம். ஆனால் அது ஓட, பிஎச்பி என்ற கோடிங் மொழியும் மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸும் உள்ள ஹோஸ்டிங் (சைட்டை நெட்டில் வைக்கும் வாடகை இடம்) வேண்டும். அந்த ஹோஸ்டிங்குக்குக் காசு கட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அந்த மென்பொருளையே வைத்து நடத்தப்படும் சேவை. அங்கே கணக்குத் தொடங்கினால் சைட் உடனே கிடைக்கும். இலவசத் திட்டத்தில் முகவரியில் அவர்கள் பெயரும் ஒட்டியிருக்கும், விளம்பரம் வரும், பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட முடியாது. முதலாவதற்கான வீடியோவைப் பார்த்துக்கொண்டு இரண்டாவதில் பிளகின் மெனுவைத் தேடித் தேடி ஒரு மாலைப்பொழுதைத் தொலைப்பவர்கள் ஏராளம்.

வெளியே வரும் வழியைக் கேட்காமல் உள்ளே போவது

விக்ஸில் கட்டிய சைட்டை அப்படியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. இது மறைத்த செய்தி கிடையாது, அவர்களின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. படிப்பவர்கள்தான் குறைவு. ஐந்து பக்கம் என்றால் மறுபடி தட்டிவிடலாம். கல்லூரித் தமிழ் மன்றத்தின் நூறு கட்டுரைகளை அங்கே ஏற்றியிருந்தால் ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும்.

பிளாகரும் வேர்ட்பிரஸும் பதிவுகளை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே கொடுக்கும். அதில் எழுத்து முழுவதும் இருக்கும். படங்கள் இருக்காது, அவற்றின் லிங்க் மட்டும் இருக்கும். பழைய கணக்கை மூடியதும் லிங்க் செத்துப் படங்கள் எல்லாம் வெற்றுக் கட்டமாகிவிடும். ஆகவே அசல் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். கிட்ஹப் பேஜஸில் இந்தத் தொல்லை இல்லை, சைட் என்பதே உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகள்தான். ஆனால் ஹெச்டிஎம்எல் என்ற, வெப் பக்கம் எழுதும் மொழி ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு தவறு கல்லூரி மெயில் ஐடியில் கணக்குத் தொடங்குவது. படிப்பு முடிந்து அந்த ஐடி மூடப்பட்டால் அதில் செய்த கூகுள் சைட்ஸ் பக்கமும் போய்விடும். அதற்கு முன்பே ஒரு சிக்கல் வரலாம். கல்லூரிக் கணக்கில் வெளியிட்ட சைட்டைக் கல்லூரிக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி அட்மின் வரையறுத்திருக்கக்கூடும். உங்களுக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் நன்றாகத் திறக்கும். குடியாத்தத்தில் இருக்கும் அம்மா திறந்தால் அனுமதி கேட்கும். சொந்த ஜிமெயிலில் தொடங்குங்கள். வெளியிட்டபின் லாகின் செய்யாத வேறொரு போனில் திறந்து பாருங்கள்.

தமிழை வைத்துச் சோதிக்காமல் டெம்ப்ளேட் எடுப்பது

தமிழ்ச் சைட்டுகள் கெடுவது அதிகமும் இங்கேதான். டெம்ப்ளேட்டின் தலைப்பு அழகாகத் தெரிவதற்குக் காரணம் ஓர் ஆங்கில எழுத்துரு. அதில் தமிழ் எழுத்து இருக்காது. நீங்கள் தமிழில் தட்டியதும் பிரவுசர் போனிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்கனவே இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். பார்த்து ஆசைப்பட்ட டெம்ப்ளேட் அந்த நிமிடமே வேறு முகமாகிவிடும். டூலின் எழுத்துருப் பட்டியலில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம்.

அடுத்தது நீளம். ஆங்கிலத் தலைப்புக்கு அளவெடுத்த 48 பிக்சல் எழுத்தில் "ஜலகண்டேஸ்வரர்" என்று அடித்து, 360 பிக்சல் அகலமுள்ள போன் திரையில் பாருங்கள். சொல் ஓரத்தைத் தாண்டி ஓடும், அல்லது நடுவில் முறிந்து ஒற்றை "ர்" அடுத்த வரியில் போய் உட்காரும். போனுக்குத் தலைப்பு 26 முதல் 30 பிக்சல் போதும். அளவைப் போனுக்கு மட்டும் தனியாக மாற்ற விடாத டூல் என்றால் அதை விட்டுவிடலாம்.

வரி இடைவெளியும் கவனிக்க வேண்டியதுதான். இகரக் குறி மேலே வளைகிறது, "சு", "பூ" எல்லாம் கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 இடைவெளியில் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். பத்தியின் இரண்டு ஓரத்தையும் நேராக்கும் ஜஸ்டிஃபை வேண்டாம்; தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும்.

அச்சகத்திலிருந்தோ டிடிபி சென்டரிலிருந்தோ வாங்கிய பழைய சிறப்பு மலரின் கோப்பைச் சைட்டில் ஒட்டுகிறவர்கள் அதன் எழுத்துமுறையையும் பார்க்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) ஆகாது. அதில் "தமிழ்" என்ற சொல்லே உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி உள்ள கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், சைட்டில் அந்த ஆங்கில எழுத்துகளே வரும். பாமினி எழுத்துருவைச் சைட்டிலேயே ஏற்றிச் சமாளித்தாலும், கூகுள் அதைத் தமிழாகப் படிக்காது. யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்தபின், ஒரு முறை மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும்.

மெய்ப்பில் கண்ணுக்குத் தப்புவது ஔகாரம். திருவண்ணாமலை 1989 வரை வேலூரும் இருந்த வட ஆற்காடு மாவட்டத்தோடு இருந்த ஊர். கிரிவலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத இங்கே பலருக்கும் ஆசை இருக்கும். அதில் "பௌர்ணமி" என்பதை "பெ"யும் "ள"வும் சேர்த்து "பெளர்ணமி" என்று அடித்துவிடுவார்கள். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு சொல். சரியாக அடித்துத் தேடுகிறவருக்கு அந்தப் பக்கத்துக்குள் ஒன்றும் சிக்காது. "ஔவை"யை "ஒ"வும் "ள"வும் வைத்து அடிப்பதும் இதே தவறு.

பிறகு பக்க முகவரி. வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கும். "வேலூர்" என்பதில் யூனிகோட் குறிகள் ஆறு. ஒவ்வொன்றும் மூன்று பைட். லிங்க்கை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒரு பைட் மூன்று எழுத்தாக விரியும். ஆக மூன்றெழுத்து ஊர்ப்பெயர் 54 எழுத்து நீளச் சதவீதக் குறிக் கூட்டமாகப் போய்ச் சேரும். வேர்ட்பிரஸில் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் என்பதால் 22 குறிகளைத் தாண்டிய தலைப்பு பாதியில் வெட்டுப்படும். பிளாகர் நேர் எதிர்: தமிழ் எழுத்தைத் தள்ளிவிட்டு எல்லாப் பதிவுக்கும் "பிளாக்-போஸ்ட்" என்று பெயர் வைத்து எண்ணை மட்டும் மாற்றும். இரண்டிலும் வெளியிடுவதற்கு முன்பே முகவரிப் பகுதியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே எழுதிவிடுங்கள். வெளியிட்டபின் மாற்றினால் ஏற்கனவே பகிர்ந்த லிங்க் உடையக்கூடும்.

முதல் வருட விலையை மட்டும் பார்ப்பது

"மாதம் 99 ரூபாய்" என்று ஒரு ஹோஸ்டிங் விளம்பரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே சின்ன எழுத்தில் 48 மாதத்துக்கு முன்பணம் என்று இருக்கும். 99 பெருக்கல் 48, 4,752. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 855 ரூபாய் 36 காசு. கட்ட வேண்டியது 5,607 ரூபாய் 36 காசு. காலம் முடிந்து புதுப்பிக்கும்போது தள்ளுபடி இல்லாத விலை வரும். அந்த ரினியூவல் விலையைத்தான் ஒவ்வொரு டூலுக்கும் எழுதி வைத்து ஒப்பிட வேண்டும். ஐந்து பக்க மாணவர் சைட்டுக்கு நான்கு வருட ஹோஸ்டிங் தேவையே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

காசு செலவழிப்பதானால் டொமைனுக்கு, அதாவது சைட்டின் சொந்த முகவரிக்கு, செலவழியுங்கள். கூகுள் சைட்ஸ், பிளாகர், கிட்ஹப் பேஜஸ் மூன்றிலும் சொந்த டொமைனைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் இணைக்கலாம். விக்ஸில் அதற்குக் கட்டணத் திட்டம் வேண்டும். டூல் மாறினாலும் முகவரி மாறாது என்பதுதான் டொமைனின் பலன். டாட் காம் வாங்கினால் மெயிலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் டொமைன் நிறுத்தப்படும், ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்கள். வாங்கிய 60 நாளுக்குப் பெரும்பாலும் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. சைட்டைப் பாதுகாப்பானதாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, நல்ல ஹோஸ்டிங்குகள் தாமாகவே போட்டுவிடும்.

டொமைனை டூலோடு இணைத்தபின் டிஎன்எஸ் (முகவரி எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றம் பரவ 48 மணி நேரம்வரை ஆகலாம். அரை மணிக்கு ஒரு தரம் எண்களை மாற்றிக்கொண்டே இருந்தால் எது சரியாக இருந்தது என்றே தெரியாமல் போகும்.

லேப்டாப்பில் வந்தது, நெட்டில் வரவில்லை

கிட்ஹப் பேஜஸ் எடுப்பவர்களை வாட்டும் பிரச்சினை இது. கோட்டை அகழியின் படம் கேமராவிலிருந்து "அகழி டாட் ஜேபிஜி" என்று, ஜேபிஜி மூன்றும் கேப்பிட்டலில், வந்திருக்கும். கோடில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், படம் தெரியும். கிட்ஹப் வேறு வேறாகப் பார்க்கும், படம் வராது. எல்லாக் கோப்புப் பெயரும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சொற்களுக்கு நடுவே ஹைஃபன் போட்டு இருக்கட்டும். முகப்புக் கோப்பு நோட்பேடில் சேமிக்கும்போது "இண்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல் டாட் டிஎக்ஸ்டி" ஆகியிருக்கலாம். விண்டோஸ் கடைசி ஒட்டை மறைத்துவிடுவதால் தெரியாது. ஃபைல் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டும்படி மாற்றிவிட்டுப் பாருங்கள்.

கிட்ஹப் பேஜஸில் பிஎச்பி ஓடாது. தொடர்புப் படிவத்துக்கு பிஎச்பி கோடை நகலெடுத்து வைத்தால் ஒரு மெயிலும் வராது. கூகுள் ஃபார்ம்ஸ் போதும்.

படத்தின் எடையும் டூலுக்கு டூல் வேறுபடும். 12 மெகாபிக்சல் போன் படம் 4000-க்கு 3000 பிக்சல். ஒன்று 4 எம்பி என்றால் எட்டுப் படம் 32 எம்பி. விக்ஸும் வேர்ட்பிரஸும் சின்ன அளவுகளைத் தாமாகவே செய்துகொள்ளும். கிட்ஹப் பேஜஸ் நீங்கள் கொடுத்ததை அப்படியே அனுப்பும். ஸ்க்வூஷ் என்ற இலவசத் தளத்தில் அகலத்தை 1200 பிக்சலாகவும் தரத்தை 75 ஆகவும் வைத்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபி அளவுக்கு இறங்கும். போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கும். வீட்டில் எடுத்த படமென்றால் அதையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

படித்தே ஒப்பிடுவது

பத்து ஒப்பீட்டுக் கட்டுரைகளைப் படிப்பதற்குப் பதில் இரண்டு டூலில் ஒரே பக்கத்தைச் செய்து பாருங்கள். "ஜலகண்டேஸ்வரர் கோயில்" என்று தலைப்பு, 200 சொல்லில் ஒரு பத்தி, மூன்று படம், ஒரு மேப், தொட்டால் அழைப்பு போகும் போன் எண். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். பத்தியை நீங்களே எழுதுங்கள். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தால் மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, காட்பாடி ஸ்டேஷன் கூட்டத்தில் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். கடைசியாக அந்தப் பக்கத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை, டூலின் குணம் அதில்தான் தெரியும்.

அடுத்தவர் சைட்டை உங்கள் பெயரில் வாங்குவது

முதல் சைட் ஓடத் தொடங்கியதும் சிஎம்சி மருத்துவமனை எதிரே லாட்ஜ் வைத்திருக்கும் மாமாவோ ஆம்பூரில் ஷூ கடை வைத்திருக்கும் தெரிந்தவரோ கேட்பார்கள். அவசரத்தில் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் யுபிஐயில் வாங்கிவிடுவீர்கள். அடுத்த வருடம் நீங்கள் பெங்களூரில் வேலையில் இருக்கும்போது புதுப்பிக்கச் சொல்லும் மெயில் உங்களுக்கு வரும், கவனிக்காமல் விடுவீர்கள். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பம் ரூம் கேட்க அந்த முகவரியைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. காலாவதியான டாட் காம் டொமைனைக் கெடு தாண்டி மீட்க வேண்டுமானால் தனிக் கட்டணம். அதையும் தாண்டினால் வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம்.

டொமைனை உரிமையாளர் பெயரில், அவர் ஜிமெயிலில், அவர் போன் எண்ணில் பதிவுசெய்யுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஓடிபியை அவரையே போடச் சொல்லுங்கள். எங்கே வாங்கியது, எந்த மெயில், ரினியூவல் தேதி என்ன, எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதி அவருடைய கணக்கு நோட்டில் ஒட்டிவிட்டு வாருங்கள்.