யிட்ரியம்-90 கரைசலின் டோஸை ஃபிலிமில் அளப்பது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு

யிட்ரியம்-90 என்பது பீட்டா கதிர் (வேகமான எலக்ட்ரான்) உமிழும் கதிரியக்க ஐசோடோப்பு. அதன் டோஸை, அதாவது பொருள் உறிஞ்சும் கதிர் ஆற்றலை, அளக்கும் ரேடியோக்ரோமிக் ஃபிலிமுக்கு இருட்டறை வேண்டாம், ரசாயனத்தில் கழுவவும் வேண்டாம். கதிர் பட்ட இடம் தானாகவே நிறம் மாறும். டோஸ் கூடக்கூட நிறம் அடர்த்தியாகும். அந்த நிறத்தை ஸ்கேனரில் படித்து, கிரே (டோஸின் அலகு) கணக்கில் மாற்றுவதுதான் வேலை. உரிமம் உள்ள ஆய்வகத்தில், கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதலோடு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. வெட்டிக் குறியிடுங்கள். ஈபிடி3 வகை ஃபிலிம் போதும், 0.2 முதல் 10 கிரே வரை நன்றாக வேலை செய்யும். கையுறை போட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் ஒரே மூலையிலும் எண் எழுதுங்கள். ஃபிலிமை 90 டிகிரி சுழற்றி வைத்து ஸ்கேன் செய்தால் அளவு மாறிவிடும். குறியிடாமல் ஒருமுறை முழுப் பரிசோதனையையும் இழந்திருக்கிறேன்.

2. கதிர் படும் முன்பே ஸ்கேன் செய்யுங்கள். ஊடுருவும் ஒளி முறை, ஒரு நிறத்துக்கு 16 பிட், நிறத் திருத்தம் எல்லாம் அணைத்து, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனர் சூடாக முதலில் நாலைந்து வெற்று ஸ்கேன் எடுங்கள். ஃபிலிம் எப்போதும் நடுவில் இருக்கட்டும்.

3. அளவுத்திருத்தம். அதே பெட்டியிலிருந்து எடுத்த துண்டுகளுக்கு, டோஸ் தெரிந்த கோபால்ட்-60 அல்லது லீனாக் (கதிர்சிகிச்சையில் பயன்படும் நேரியல் முடுக்கி) கற்றையில் 0, 0.25, 0.5, 1, 2, 4, 8 கிரே கொடுங்கள். இவற்றின் நிற அடர்த்தியையும் டோஸையும் இணைத்து ஒரு வளைகோடு வரையுங்கள். வேறு பெட்டியின் வளைகோட்டைக் கடன் வாங்காதீர்கள்.

4. கதிர் படவைப்பது. கரைசல் உள்ள தட்டையான பாத்திரத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் உறை அவசியம். ஃபிலிமுக்குக் கீழே அக்ரிலிக் பலகை வையுங்கள். யிட்ரியம்-90 பீட்டா திசுவில் அதிகபட்சம் 11 மில்லிமீட்டர் வரைதான் போகும். அதனால் ஆழத்தோடு டோஸ் எப்படிக் குறைகிறது என்று பார்க்க, மெல்லிய அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவே பல துண்டுகளை அடுக்கலாம். பீட்டாவைத் தடுக்க முதலில் அக்ரிலிக், ஈயம் அதற்கு வெளியே. நேரே ஈயத்தில் மோதினால் எக்ஸ் கதிர் அதிகமாகக் கிளம்பும். வைத்த நேரம், எடுத்த நேரம் இரண்டையும் நிமிடத்தோடு எழுதிவையுங்கள்.

5. காத்திருந்து மறுபடி ஸ்கேன். கதிர் நின்ற பிறகும் நிறம் கொஞ்ச நேரம் வளரும். 24 மணி நேரமாவது விடுங்கள். அளவுத்திருத்தத் துண்டுகளுக்கும் அதே இடைவெளி. ஸ்கேனரில் வைக்கும் முன் துண்டில் கதிரியக்க மாசு ஒட்டியிருக்கிறதா என்று கதிர் அளவியால் பாருங்கள்.

6. கணக்கு. சிவப்பு நிற அலைவரிசையை எடுங்கள். கதிர் படும் முன் ஸ்கேனர் காட்டிய அளவு 42000, பின் அளவு 30000 என்றால் விகிதம் 1.4. அதன் பத்தடி மடக்கை 0.146, இதுதான் நிகர ஒளி அடர்த்தி. வளைகோட்டில் இதற்கு நேரான டோஸைப் படியுங்கள். வெட்டிய விளிம்பில் அடுக்குகள் பிரிந்திருக்கும், அந்தப் பகுதியைச் சேர்க்காதீர்கள்.

7. நேரத் திருத்தம். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். லீனாக்கில் டோஸ் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இங்கே கதிர்மூலம் தேய்ந்துகொண்டே டோஸ் கொடுக்கிறது. யிட்ரியம்-90-இன் அரை ஆயுள் 64.1 மணி. 24 மணி நேரத்தில் அது தன் மொத்தச் சிதைவில் சுமார் 23 சதவீதத்தைத்தான் முடித்திருக்கும். தொடக்கத்திலிருந்து 24 மணி நேரம் வைத்த ஃபிலிம் 2 கிரே காட்டினால், அதே இடத்தில் முழுவதும் சிதையும் வரை கிடைக்கும் டோஸ் ஏறக்குறைய 8.7 கிரே. 2-ஐ 24-ஆல் வகுத்து ஒரு மணி நேர டோஸ் என்று எழுதினால் அது சராசரி மட்டுமே. தொடக்கத்தில் இருந்த வேகம் அதைவிட அதிகம்.

அப்புறம், இதே முறையை ஆல்ஃபா உமிழும் ஐசோடோப்புக்கு அப்படியே எடுத்துப்போகாதீர்கள். உணர்வு அடுக்கின் இருபுறமும் உள்ள 125 மைக்ரான் பாலியெஸ்டரே ஆல்ஃபாவை நிறுத்திவிடும். அதற்கு மேலுறை இல்லாத ஃபிலிம் வேண்டும்.