டாக்குமெண்ட்ல இருந்து ரிக்வயர்மெண்ட் எடுக்க ஏஐ யூஸ் பண்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

சாஃப்ட்வேர் என்ன செய்யணும், எப்படி இருக்கணும்ங்கறதுதான் ரிக்வயர்மெண்ட். பழைய எஸ்ஆர்எஸ் (ரிக்வயர்மெண்டை விவரமா எழுதின டாக்குமெண்ட்), ஆர்எஃப்பி (கிளையன்ட் ப்ரொபோசல் கேட்டு அனுப்பற டாக்குமெண்ட்), மீட்டிங் மினிட்ஸ், மெயில் த்ரெட்னு இருக்கறதையெல்லாம் ஏஐ கிட்ட கொட்டிட்டு "ரிக்வயர்மெண்ட் லிஸ்ட் போட்டுக் குடு"ன்னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல நம்பர் போட்ட டேபிள் வந்துடும். பிரச்சனையே அந்த டேபிள் அவ்ளோ நல்லா இருக்கறதுதான், ரிவ்யூ முடிஞ்ச ஃபைல் மாதிரி தெரியறதால அதுக்கப்புறம் ஒருத்தரும் ஒரிஜினலைத் திறக்க மாட்டாங்க.

இருக்கறதுலயே பெரிய தப்பு சோர்ஸ் கேக்காம விடறது. ஒவ்வொரு வரிக்கும் எந்த டாக்குமெண்ட், எந்த வெர்ஷன், எந்த செக்‌ஷன், அதுல இருக்கற வாக்கியம் அப்படியே ஒரு எழுத்து மாறாம, இவ்ளோவும் டேபிள்ல தனித்தனி காலம்ல (column) வரணும்னு முதல்லயே சொல்லிடுங்க. சொல்லலைன்னா ஏஐ டாக்குமெண்ட்ல இருக்கறதையும் தனக்குப் பொதுவா தெரிஞ்சதையும் கலந்து குடுத்துடும். லாகின் பத்தி டாக்குமெண்ட்ல ஒரே ஒரு வரிதான் இருக்கும், லிஸ்ட்ல பார்த்தா ஓடிபி, பாஸ்வேர்டு ரூல், 99.9% அப்டைம்னு எல்லாம் வந்து உக்காந்திருக்கும். 99.9%னா வருஷத்துக்கு மொத்தமா எட்டே முக்கால் மணி நேரம்தான் சிஸ்டம் டவுன் ஆகலாம்னு அர்த்தம், கிளையன்ட் கேக்கவே கேக்காத அந்த ஒரு நம்பருக்காக சர்வர் செலவு எங்கேயோ போயிடும். அப்புறம், மேற்கோள் காட்டிட்டா மட்டும் நம்பிடாதீங்க, சில சமயம் மேற்கோளையே அது லேசா மாத்தி எழுதும். காப்பி பண்ணி ஒரிஜினல்ல கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடுங்க, கிடைக்கலைன்னா அந்த வரியைத் தனியா எடுத்து வச்சு செக் பண்ணுங்க. லிஸ்ட் பெருசுன்னா இதுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

அடுத்தது, சுருக்கச் சொல்றது. "மூணு தடவை தப்பான பாஸ்வேர்டு போட்டா அக்கவுண்ட் லாக் ஆகணும், அட்மின் அக்கவுண்ட் தவிர"ன்னு இருந்ததை சுருக்கினா முதல்ல காணாமப் போறது அந்த "தவிர"தான். இங்கிலீஷ் டாக்குமெண்ட்னா மஸ்ட்டும் (must) ஷுட்டும் (should) இடம் மாறிடும். 1997ல வந்த ஆர்எஃப்சி 2119ங்கற, இன்டர்நெட் ஸ்பெக் எழுதறதுக்கான வழிகாட்டி டாக்குமெண்ட்ல மஸ்ட்னா கட்டாயம், ஷுட்னா சரியான காரணம் இருந்தா விடலாம், மே (may)னா உங்க விருப்பம்னு தெளிவா பிரிச்சு வச்சிருக்காங்க, நிறைய ஸ்பெக் அதை நம்பித்தான் எழுதியிருப்பாங்க. அதனால கண்டிஷன், விதிவிலக்கு, நம்பர், இந்த மாதிரி வார்த்தை எதையும் தொடாதேன்னு ப்ராம்ப்ட்லயே (ஏஐக்கு எழுதற கட்டளை) எழுதிடுங்க. ஒரு வாக்கியத்தை ரெண்டா உடைச்சா கண்டிஷன் ரெண்டுலயும் இருக்கணும்.

"டூப்ளிகேட் எடுத்துட்டு மெர்ஜ் பண்ணு"ங்கறது இன்னொரு வம்பு. ஒரு டாக்குமெண்ட்ல சிஸ்டம் லாக் (log, நடந்ததோட பதிவு) 30 நாள் வச்சிருக்கணும்னு இருக்கு, இன்னொண்ணுல 90 நாள். மெர்ஜ் பண்ணச் சொன்னா சத்தமில்லாம ஏதோ ஒண்ணை வச்சுட்டுப் போயிடும், முரண்பாடு இருந்ததே உங்களுக்குத் தெரியாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "மோதுது"ன்னு காட்டச் சொல்லுங்க, எது சரின்னு சைன் ஆஃப் பண்ற ஆள் முடிவு பண்ணட்டும். எந்த ஃபைல் புதுசு, எது செல்லாதுன்னும் நீங்கதான் சொல்லணும். மீட்டிங் மினிட்ஸ்ல இன்னும் மோசம், யாரோ "இப்படி இருந்தா நல்லாருக்கும்ல"ன்னு சும்மா சொன்னதும் ரிக்வயர்மெண்டா வந்து நிக்கும். முடிவா, யோசனையா, கேள்வியான்னு ஒரு காலம் சேர்த்துக்கோங்க.

ஃபைல் ஒழுங்கா படிக்கப்பட்டுச்சான்னு பாக்காம ஆரம்பிக்கறவங்கதான் அதிகம். ஸ்கேன் பண்ண பிடிஎஃப், செல் மெர்ஜ் ஆன டேபிள், ஃபுட்நோட், படமா இருக்கற ஃப்ளோசார்ட், ட்ராக் சேஞ்சஸ்ல அடிச்சு விட்ட வரி, இதெல்லாம் கலங்கித்தான் உள்ள போகும். எடுத்த டெக்ஸ்டை ஒரு தடவை கண்ணால பாருங்க. நீளமான ஃபைலை ஒரே மூச்சுல குடுக்காதீங்க, முன்னாடியும் கடைசியும் இருக்கறதை விட நடுவுல இருக்கறதை மாடல் கோட்டை விடுதுன்னு 2023ல வந்த ஒரு ஆய்வே காட்டியிருக்கு. செக்‌ஷன் செக்‌ஷனா குடுங்க, ஆனா டெஃபினிஷன் பக்கத்தை ஒவ்வொண்ணு கூடவும் சேர்த்து அனுப்புங்க, இல்லன்னா "மேலே சொன்ன பயனர்" யாருன்னு அதுவே ஊகிக்கும்.

என்டிஏ (ரகசியம் காக்கற ஒப்பந்தம்) இருக்கற டாக்குமெண்டை பப்ளிக் சாட்பாட்ல போடக் கூடாதுன்னு தனியா சொல்லணுமா?

"எல்லாம் வந்துடுச்சா?"ன்னு அதுகிட்டயே கேக்கறதும் வேஸ்ட், ஆமான்னுதான் பெரும்பாலும் சொல்லும். லிஸ்ட்ல எத்தனை வரி இருக்குங்கறதும் எதையும் நிரூபிக்காது, திரும்ப ஓட்டினா எண்ணிக்கை மாறலாம். அதுக்குப் பதிலா நாலஞ்சு பக்கத்தை நீங்களே கையால எடுத்துட்டு அது எடுத்ததோட ஒப்பிடுங்க. எந்த செக்‌ஷன்ல இருந்து ஒரு வரி கூட வரலைன்னும் கேளுங்க, விட்டுப்போனது அங்கதான் மாட்டும்.

கடைசியா, டாக்குமெண்ட்லயே இல்லாதது. பேமெண்ட் பாதியில நின்னா என்ன ஆகும், ஒரே நேரத்துல எத்தனை பேர் உள்ள வருவாங்க, இதெல்லாம் பல டாக்குமெண்ட்ல யாருமே எழுதியிருக்க மாட்டாங்க. இதை நிரப்பச் சொல்லாதீங்க, கேள்வியா எழுதச் சொல்லுங்க, அதுவும் தனி ஃபைல்ல, தனி ப்ராம்ப்ட்ல. அந்த ஃபைல் கிளையன்டுக்குப் போகட்டும், பதில் வந்த பிறகு அந்த மெயிலையே சோர்ஸா போட்டு லிஸ்ட்ல சேர்த்துக்கலாம்.