ஜெட் லாக்குக்கு அக்குபிரஷர்: விமானம் ஏறுமுன் பழகிக்கொள்ள மூன்று புள்ளிகள்

துணி ஆர்டர் தரும் பையரைப் பார்க்க ஜெர்மனி போய்வரும் திருப்பூர்க்காரர்களுக்கு ஜெட் லாக் அவ்வளவு தொல்லை தராது. கோடையில் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். பேரக்குழந்தையைப் பார்க்க நியூ ஜெர்சி போகிற அம்மா அப்பாவுக்குத்தான் பாடு. கோடையில் அந்த ஊர் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடும். அர்த்த ராத்திரியில் பசிக்கும், பட்டப்பகலில் சோபாவில் தூங்கி வழிவார்கள்.

மூளைக்குள் ஓடும் கடிகாரத்தைத் திருத்துவது முக்கியமாக வெளிச்சம்தான். அதுவும் நாளுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். புள்ளியை அழுத்தினால் ஒரே ராத்திரியில் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஜெட் லாக்குக்கு அப்படி உறுதியான சான்று இல்லை. குமட்டலையும் படபடப்பையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ள, காசு செலவில்லாத துணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் உட்கார்ந்து பழகுங்கள்.

முதல் புள்ளி நெய்குவான். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். வளையல் இருந்தால் முழங்கைப் பக்கம் தள்ளிவிடுங்கள். மணிக்கட்டு ரேகையை ஒட்டி மற்றக் கையின் மூன்று விரல்களைப் படுக்க வையுங்கள். மூன்றாவது விரல் முடிகிற இடத்தில், நடுவில் கட்டை விரலை வையுங்கள். இப்போது கையை லேசாக மூடி மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் இரண்டு கயிறுகள் புடைக்கும். பலரும் நரம்பு என்று நினைப்பார்கள், அது தசைநாண். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளம்தான் இடம். குமட்டலுக்கு இது உதவுவதாக ஆய்வுகள் உண்டு. விரல் அளவு அவரவர் விரலில்தான் எடுக்க வேண்டும். மகன் விரலை வைத்து அம்மா கையை அளந்தால் இடம் தப்பிவிடும்.

இரண்டாவது ஷென்மென். அதே மணிக்கட்டு ரேகையில், சுண்டு விரல் பக்கத்து உருண்டை எலும்பை ஒட்டிய குழி. தூக்கத்துக்கு இதைத்தான் அழுத்துவார்கள்.

மூன்றாவது ஸூசான்லி. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அளவு இறங்கி, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம். விரல் முட்டியாலேயே அழுத்தலாம்.

ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம், இரண்டு பக்கமும். லேசான வலி வந்தால் போதும், கன்னிப்போகும் அளவுக்கு வேண்டாம்.

சீன முறையில் ஒரு நாளைப் பன்னிரண்டு உறுப்புகளுக்கு இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்திருக்கிறார்கள். காலை 7 முதல் 9 வரை வயிற்றுக்கு உரியது. போகிற ஊர் மணிப்படி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி என்று விமானத்தில் அழுத்திக்கொண்டே போவார்கள். பன்னிரண்டையும் மனப்பாடம் செய்வது புதியவர்களுக்கு வீண் வேலை. ஏறியதும் கைக்கடிகாரத்தை நியூ ஜெர்சிக்கு மாற்றுங்கள். அங்கே காலை என்றால் வயிற்றுக்குரிய கால் புள்ளி ஸூசான்லி, தூங்கும் நேரம் என்றால் ஷென்மென், வயிறு புரட்டினால் நெய்குவான். இவ்வளவுதான்.

கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் அழுத்த வேண்டாம். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தொடவே கூடாது. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி குத்தும் அக்குபஞ்சரை வீட்டில் முயல வேண்டாம். பயிற்சி பெற்றவரிடம் போங்கள், புது ஊசியைக் கண் முன்னால் பிரிக்கிறாரா என்று பாருங்கள். ஊசியில்லாமல் விரலால் தொட்டே செய்கிறவர்களும் நம் பக்கம் உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் நேர மாற்றத்தை முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

போய் இறங்கியதும் மதியத்துக்கு மேல் வெளியே நடங்கள். சாயங்கால வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். அப்புறம் இரவு படுக்கையில் ஷென்மென்.

ஊர் திரும்பும்போதுதான் இன்னும் கஷ்டம். கிழக்கே வரும்போது உடம்பு மெதுவாகத்தான் பழகும். வந்த மறுநாளே கோவை ரேஸ்கோர்ஸில் விடியற்காலை நடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். உடம்புக்கு அப்போது முந்தின நாள் ராத்திரி. அந்த வெளிச்சம் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும். முதல் சில நாள் மதியம் மூன்று மணிக்கு மேல் நடந்தால் போதும்.