சிபில் குறைவாக இருக்கும்போது கார் கடன்: ‘கிடைத்தால் போதும்’ என்று நினைப்பதால் நேரும் தவறுகள்

கார் கடனுக்கு விண்ணப்பித்த ஒருவரிடம் ‘உங்களுக்கு சிபில் சரியில்லை’ என்று சொன்னதும், அவர் அந்த நிமிடத்திலிருந்தே பேரம் பேசுவதை நிறுத்திவிடுகிறார். வட்டி எவ்வளவு என்று கேட்கத் தயங்குகிறார், காகிதத்தைப் படிக்க நேரம் கேட்கக் கூச்சப்படுகிறார், யாராவது கடன் கொடுத்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். சிபில் என்பது நாம் கடன்களைக் கட்டிய வரலாற்றை வைத்துத் தரப்படும் மதிப்பெண். அது குறைவாக இருப்பதால் வட்டி இரண்டு மூன்று சதவீதம் கூடலாம். அதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் இந்தத் தயக்கத்தினால் ஆகும் இழப்பு பல சமயம் அதைவிடப் பெரியது. அதை முழுவதுமாகத் தவிர்க்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் குறைவாக இருப்பதும், மதிப்பெண்ணே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை செல்லும். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது என்று கொள்கிறார்கள். இதுவரை கடனோ கிரெடிட் கார்டோ வாங்காதவருக்கு எண் எதுவும் இருக்காது; வரலாறு இல்லை என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். முதல் முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதையும், குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்பதையும் 2025-இல் நாடாளுமன்றத்திலேயே மத்திய அரசு தெரிவித்திருக்கிறது. ஆகவே புதிதாகக் கடன் கேட்பவர் தன்னைக் கடன் தவறியவராக நினைத்துக்கொண்டு, அவருக்குரிய வட்டிக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வருமான வரிக் கணக்கு, ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், தொழில் பதிவுச் சான்று ஆகியவற்றோடு, வருடக்கணக்கில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே முதலில் கேட்பது நல்லது.

அடுத்த தவறு, தன் கடன் வரலாற்று அறிக்கையைத் தானே பார்க்காமல் கடன் கேட்கப் போவது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என, கடன் வரலாற்றைத் தொகுக்கும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் என் உறவினர் ஒருவருக்கு மூன்று இடங்களில் கடன் மறுக்கப்பட்டது. தவணை தவறியதே இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். அறிக்கையை எடுத்து வரிவரியாகப் பார்த்தபோது, அவர் மறந்தே போன ஒரு பழைய கிரெடிட் கார்டு அதில் இருந்தது. ஆண்டுக் கட்டணமும் அதன் மேல் ஏறிய வட்டியுமாக 9,000 ரூபாய் சொச்சம் நிலுவை நின்றிருக்கிறது. தொலைபேசியில் பேசி 4,000 ரூபாய் கட்டி முடித்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை கணக்கு தீர்ந்துவிட்டது. அறிக்கையிலோ ‘செட்டில்டு’ என்று இருந்தது. முழுத் தொகையையும் கட்டாமல் பேசி முடித்த கணக்கு என்பதே அதன் பொருள். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு அது பாதியில் கைவிட்ட கடனாகத்தான் தெரியும். மீதியைக் கட்டி, நிலுவை இல்லை என்ற கடிதத்தை எழுத்தில் வாங்கி, ‘குளோஸ்டு’ என்று மாற்றச் சொல்லி விண்ணப்பித்தார். கார் சில மாதங்கள் தள்ளிப்போனதே தவிர, கிடைத்த வட்டி வேறு.

நாம் வாங்காத கடன் நம் பேரில் இருந்தாலோ, கட்டி முடித்தது நிலுவையாகக் காட்டப்பட்டாலோ, உடனே எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும். 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்படாவிட்டால், அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதி. இதைச் சரிசெய்து தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகர்கள் நம்மால் இலவசமாகச் செய்ய முடியாத எதையும் செய்வதில்லை.

கார் விற்பனை நிலையத்தில் ஆதார், பான் அட்டை நகல்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதும் ஒரு தவறுதான். அங்கே கடன் பிரிவைப் பார்ப்பவர் ஒரே நாளில் நான்கைந்து நிறுவனங்களில் ஃபைலை ‘லாகின்’ செய்துவிடுவார், அதாவது நம் பெயரில் விண்ணப்பித்துவிடுவார். ஒவ்வொரு நிறுவனமும் நம் அறிக்கையைத் திறந்து பார்ப்பது அதில் பதிவாகிறது. ஏற்கெனவே மெலிந்திருக்கும் மதிப்பெண் அதனால் இன்னும் குறையும்; அடுத்துப் பார்ப்பவருக்கு, இவர் கடனுக்காக அலைகிறார் என்றும் தோன்றும். எந்த நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஒன்றின் பதில் வந்த பிறகே அடுத்ததற்கு அனுமதிக்க வேண்டும்.

‘75 பைசா வட்டிதான்’ என்று சொல்லும்போது

எல்லாத் தவறுகளிலும் அதிகச் செலவு வைப்பது இதுதான். பழைய கார்களுக்குக் கடன் கொடுக்கும் பல இடங்களில் வட்டியைப் பைசாக் கணக்கில் சொல்வார்கள். 75 பைசா வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 75 பைசா, ஆண்டுக்கு 9 சதவீதம். ஊரில் ஒரு வட்டிக்கும் ஒன்றரை வட்டிக்கும் கைமாற்று வாங்கிப் பழகிய நமக்கு அது மலிவாகத் தோன்றுகிறது. ஆனால் கைமாற்றில் அசல் முழுவதும் கடைசி வரை நம் கையில் இருக்கிறது. அதற்கு வட்டி கொடுக்கிறோம். மாதத் தவணையிலோ அசலையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்து வருகிறோம். அப்படிப் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்த பிறகும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போட்டால் அது எப்படி 9 சதவீதமாகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 லட்சம் ரூபாயை 5 ஆண்டுகளுக்கு, இப்படி முழுத் தொகைக்கே போடும் நிலை வட்டியில் வாங்கினால், வட்டி மட்டும் 2,25,000 ரூபாய். மாதத் தவணை 12,083 ரூபாய். அதே 9 சதவீதத்தைக் குறையும் இருப்பின் மீது, அதாவது இன்னும் பாக்கியுள்ள அசலின் மீது மட்டும் கணக்கிட்டால் தவணை 10,379 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 1,22,750 ரூபாய். வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் மேல். நிலை வட்டியில் 9 சதவீதம் என்று சொல்லப்படும் கடன், குறையும் இருப்புக் கணக்கில் ஏறத்தாழ 15.7 சதவீதம். வங்கி 13 சதவீதம் சொன்னது என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்து, 75 பைசாவுக்கு மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டவர்கள் பலர் இருக்கிறார்கள்.

வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்டால் மட்டும் போதாது. நிலை வட்டியா, குறையும் இருப்பு வட்டியா என்றும் கேட்க வேண்டும். வங்கிகளும் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் கட்டாயம். வட்டியோடு, நிறுவனம் நம்மிடம் வசூலிக்கும் மற்றக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு கடன்களை ஒப்பிட அந்த எண் போதும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அந்த அறிக்கை இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. தமிழில் கேட்பது நம் உரிமை. அதில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது 3 வேலை நாட்களாவது செல்லும் என்பதால், ‘இன்று மாலைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வட்டி கிடைக்காது’ என்ற பேச்சுக்கு நாம் பணிய வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று, கணக்குத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள்.

பிராசஸிங் கட்டணம், ஆவணக் கட்டணம், கடன் வாங்குபவரின் ஆயுள் காப்பீடு ஆகியவற்றைக் கடனிலேயே சேர்த்துவிடுவதும் வழக்கம். 20,000 ரூபாய் பிரீமியத்தை அசலில் சேர்த்தால், அதற்கும் ஐந்தாண்டுகள் வட்டி கட்டுகிறோம். வாகனக் காப்பீட்டை எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது நம் விருப்பம்; கடனோடு சேர்த்து ஒரே இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது.

‘மாதம் எவ்வளவு டியூ கட்ட முடியும்?’ என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவதும் ஆபத்து. நாம் சொன்ன தொகைக்கு ஏற்றபடி ஆண்டுகளை நீட்டிவிடுவார்கள். 6 லட்சம் ரூபாய்க்குக் குறையும் இருப்பில் 14 சதவீதம் என்றால், 5 ஆண்டுத் தவணை 13,961 ரூபாய், 7 ஆண்டுத் தவணை 11,244 ரூபாய். மாதம் 2,700 ரூபாய் குறைகிறது. மொத்த வட்டியோ ஏறக்குறைய 1,07,000 ரூபாய் கூடுகிறது. பழைய கார் என்றால் கடன் முடிவதற்கு முன்பே கார் தேய்ந்துவிடும். இடையில் விற்க நேர்ந்தால் விற்ற பணம் பாக்கிக் கடனை அடைக்கப் போதாது. முன்பணத்தைக் கூட்டுவதும் காரின் விலையைக் குறைப்பதும்தான் உண்மையில் உதவும். அந்த முன்பணத்தை வீட்டு நகையை அடகு வைத்துத் திரட்டினால், மாதம் இரண்டு கடன்களுக்கு வட்டி கட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தவர் பெயரில் வாங்குவதும், வெற்றுத்தாளில் கையெழுத்திடுவதும்

நமக்குக் கடன் கிடைக்காதபோது, மச்சான் பேரிலோ நண்பர் பேரிலோ கடனையும் காரையும் வாங்கிக்கொண்டு தவணையை நாம் கட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. ஒரு தவணை தாமதமானாலும் கெடுவது அவருடைய மதிப்பெண். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டினாலும் நம் அறிக்கையில் ஒரு வரிகூட ஏறாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. விபத்து நேர்ந்தால், பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உதவிசெய்தவரை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. மனைவியோ தந்தையோ முறைப்படி இணைக் கடனாளியாகச் சேருவது நேர்மையான வழி; அப்போது இருவர் அறிக்கையிலும் அது பதிவாகும். ஜாமீன் கையெழுத்து கேட்கும்போதும் அந்தக் கடன் அவருடைய அறிக்கையிலும் வரும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உள்ளூர் ஃபைனான்ஸ்களில் உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் எதுவும் எழுதாமலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. கூடவே தொகை எழுதாத காசோலைகளும். அந்தப் படிவங்கள் இருந்தால், நமக்குத் தெரியாமலேயே காரை வேறொருவர் பெயருக்கு மாற்ற வழி பிறக்கிறது. காசோலையில் அவர்கள் எழுதும் தொகைக்குப் பணமில்லாவிட்டால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு நம் மேல் வரும். கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தேதி, தொகை, பெறுபவர் பெயர் ஆகியவற்றை நிரப்பி, காசோலை எண்களைக் குறித்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்க வேண்டும். ‘சிபில் பார்க்காமல் கடன்’ என்று விளம்பரம் செய்து, முன்னதாகவே ‘ஃபைல் சார்ஜ்’ அனுப்பச் சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பார்க்கலாம்.

ஆறு மாதம் பொறுக்க முடியுமானால், பொறுப்பது நல்லது. சிறு வைப்புத்தொகையின் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவு செய்து, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டி வந்தால் வரலாறு உருவாகும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் 15 நாட்களுக்கு ஒரு முறையாவது விவரங்களை அனுப்புவதால், நல்ல பழக்கமும் முன்பைவிடச் சீக்கிரம் அறிக்கையில் தெரிகிறது. தவறிய தவணையும் அப்படியே.

கடன் கிடைத்த பிறகு ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால், தேதிக்கு முன்பே கிளைக்குப் போய்ப் பேசி, பேசியதை எழுத்தில் கொடுக்க வேண்டும். வசூலிக்க வருபவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. ஆள்பலத்தைக் காட்டி வண்டியைப் பறிக்கவும் கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து, 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. தடையின்மைச் சான்றையும் 35-ஆம் எண் படிவத்தையும் கடன் கொடுத்தவரிடம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும்; பிறகு காப்பீட்டிலிருந்தும் அந்த நிறுவனத்தின் பெயரை எடுக்க வேண்டும். சான்றை அலமாரியில் வைத்துவிட்டு, காரை விற்கும் நாளில் தேடுபவர்கள் அதன் செல்லுபடிக் காலம் முடிந்திருப்பதைப் பார்த்து மீண்டும் கிளைக்கு அலைகிறார்கள். ஒரு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, அந்தக் கடனுக்கு எதிரே ‘குளோஸ்டு’ என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள்.